இரண்டாம் பக்கத்தில் ஓர் ‘அடி சக்கை’

காரைக்காலில் ஜாஸ் இசைத்தட்டு இருந்த வீடு எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அந்த வீட்டிலும் யாரும் ஜாஸ் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊசியைத் தூக்கி இரண்டாம் பக்கத்தின் பின்பகுதியில் வைப்பார்கள். ஒரு வார்த்தை வரும்வரை காத்திருப்பார்கள். வந்ததும் சிரிப்பார்கள், ஊசியை எடுத்துவிடுவார்கள். பாரிஸில் ஒரு பெரிய இசையரங்கில் நாலு பேர் வியர்வை சிந்தி வாசித்ததற்கு எங்கள் ஊர் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இவர் சைகோனில் இருந்தவர், அல்ஜீரியாவில் இருந்தவர். துப்பாக்கி பிடித்ததைவிடக் கரண்டி பிடித்ததே அதிகம் என்று வேண்டாதவர்கள் சொல்வார்கள். வேண்டியவர்களும் அதையேதான் சொன்னார்கள், கொஞ்சம் மெதுவாக. மனைவி இறந்து பல காலம் ஆகியிருந்தது. ஒரே மகன் பாரிஸில் தபால் இலாகாவில் வேலை பார்த்தான். வீட்டில் இருந்தது மருமகள் மட்டும்.

நான் அப்போது பிறப்பு, இறப்பு, திருமணம் பதிகிற அலுவலகத்தில் இருந்தேன். பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் பல வருஷம் ஆகியும் ஊர் அதை ‘எத்தா சிவில்’ என்றுதான் சொன்னது. பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பிரான்சில் பென்ஷன் நின்றுவிடும் என்பதால் சொல்தாக்களுக்கு என்மேல் தனிப் பிரியம். எந்தத் தாளை எங்கே அனுப்பினால் எது நடக்கும் என்று எனக்குத் தெரியும். பிரெஞ்சுப் பள்ளியில் ஒழுங்காகப் படித்தவன் என்ற பெயரும் இருந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

மகனுக்கு எழுபதுகளின் நடுவில் கல்யாணம் நடந்தது. பெண் கோவில்பத்து. அவள் அப்பா நெல் தரகர். மாதாவிடம் பக்தியும் மூட்டைக்கு மூட்டை கமிஷனும் தவறாதவர். கோயிலில் தாலி கட்டி, எங்கள் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, லீவு முடிந்ததும் மாப்பிள்ளை விமானம் ஏறினான். பேப்பர் அனுப்புகிறேன், வந்து சேர் என்று சொல்லிவிட்டுப் போனான். எங்கள் ஊரில் ‘பேப்பர்’ என்றால் செய்தித்தாள் இல்லை. பேப்பர் வந்தது என்றால் பிரான்சுக்கு வழி பிறந்தது என்று அர்த்தம். இவளுக்கு அது வரவில்லை. அவள் காத்திருந்தாள், காத்திருந்த நேரத்தில் மாமனாருக்குச் சமைத்தாள்.

பேப்பருக்குப் பதிலாக ஒரு நாள் இசைத்தட்டு வந்தது. பாரிஸில் இருந்து லீவில் வந்த ஒருவர் கொண்டுவந்தார். அட்டையில் கண்ணை மூடிக்கொண்டு சாக்ஸபோன் ஊதும் ஒரு கறுப்பர். பின்னால் சிவப்பு மெத்தை நாற்காலிகள் அடுக்கடுக்காக ஏறிப்போகும் அரங்கம். கொண்டுவந்தவர் சொன்னது இது: “ரெண்டாம் பக்கம் வச்சுப் பாருங்க. பெரிய பிடில் ஒண்ணை நிக்க வச்சு விரலாலயே தட்டுவான். அது முடிஞ்சதும் ஒரு குரல் வரும். அது உங்க புள்ளதான்.”

உண்மைதான். நான் போன முதல் ஞாயிறே கேட்டேன். பியானோவும் சாக்ஸபோனும் ஒதுங்கிக்கொள்ள, அந்தப் பெரிய பிடில் மட்டும் தனியாக நடக்கிறது. கிழவன் மாடிப்படி ஏறுவதுபோல ஒவ்வொரு படியாக மேலே போய், கடைசிப் படியில் காலை வைக்காமல் நிற்கிறது. அரங்கம் மூச்சை அடக்கிக்கொள்கிறது. யாரோ இருமுகிறார்கள். அப்போது, முன்வரிசைக்கு மேலே தொங்கவிட்ட மைக்குக்கு நேர் கீழே இருந்து, சுத்தமான காரைக்கால் குரல்:

“அடி சக்கை!”

அரங்கம் சிரிக்கிறது. டிரம்ஸ்காரன் அந்தச் சத்தத்தையே நாலு அடியாகத் திருப்பித் தட்டுகிறான். கைதட்டல் எழுகிறது. அதற்குள், மைக்குக்கு அருகிலேயே, ஒரு பெண் குரல். சிரிப்பை அடக்கிக்கொண்டு, அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்வதுபோல ஒரு வாக்கியம். பிறகு சாக்ஸபோன் வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

பெண் குரல் வந்த நேரத்தில், மீன் வறுவல் தட்டோடு வாசற்படியில் நின்ற மருமகள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கூட இருந்த இரண்டு சொல்தாக்களும் கண்ணாடி டம்ளருக்குள் மூக்கை விட்டுக்கொண்டு குலுங்கினார்கள். கிழவர் ஊசியைத் தூக்கிவிட்டு என் பக்கம் குனிந்து பிரெஞ்சில், “அவளுக்கு அது மாதா” என்றார்.

அந்தப் பெண் சொன்னது இது: “எக்ஸ்க்யூசே மோன் மரி, இல் எ கோம் சா அ லா மெசோன் ஓஸி.” அதில் இவள் காதில் விழுந்தது ‘மரி’ ஒன்றுதான். ‘அருள் நிறைந்த மரியே’ என்று பிறந்ததிலிருந்து சொல்லிவந்தவளுக்கு வேறு என்ன விழும்? முதல் நாளே மாமனாரைக் கேட்டிருக்கிறாள், அந்தம்மா மாதாவையா கூப்பிடுகிறார் என்று. அவரும் ஆமாம் என்றிருக்கிறார். பக்கத்தில் யாரோ பக்தியான கிழவி, இவன் போட்ட சத்தத்தில் பயந்து மாதாவைக் கூப்பிட்டிருக்கிறாள் என்று கதையும் கட்டிக் கொடுத்திருக்கிறார். புருஷன் நல்ல மனுஷர்களோடுதான் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறான் என்று இவளுக்கு நிம்மதி.

பிரெஞ்சில் ‘மரி’ என்றால் மரியாள். ‘மரி’ என்றால் புருஷனும்தான். காதுக்கு இரண்டும் ஒன்று. தமிழில் அதற்குச் செத்துப்போ என்றும் ஓர் அர்த்தம் உண்டு. அதை அந்த வீட்டில் யாரும் அதுவரை நினைத்துப் பார்க்கவில்லை.

விருந்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் கிழவர் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினார். மகன் குரல் ஒரு வேடிக்கை, மருமகள் சிலுவை இன்னொரு வேடிக்கை. அவள் சமையலறையில் வேலையாக இருந்தால், “ஏம்மா, அந்த வறுவலை எடுத்துக்கிட்டு வா” என்று கூப்பிட்டு, அவள் வந்து நின்ற பிறகுதான் ஊசியை வைப்பார். சைகோனில் இருந்து கொண்டுவந்த ஒழுங்கு அது.

நான் எதுவும் சொல்லவில்லை. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததை மொழிபெயர்க்கக் கூடாது என்பது மொழிபெயர்ப்பின் முதல் விதி. இன்றும் அதை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

கேட்கும் நாள் வந்தது. தம்பியின் பிறப்புச் சான்று வாங்க அவள் எங்கள் கவுண்டருக்கு வந்தாள். மாப்பிள்ளை மனது வைத்தால் மச்சானையும் பாரிஸுக்கு இழுத்துவிடலாம் என்று அவள் அப்பாவுக்கு ஒரு திட்டம். நகலைக் கொடுத்தேன். தம்பி பெயரை எழுத்துக் கூட்டிச் சரிபார்த்தாள். பிறகும் நின்றாள்.

“ஐயா, ஒரு சந்தேகம் கேக்கலாங்களா?”

“கேளும்மா.”

“அந்த ரெக்கார்டுல அந்தம்மா மாதாவைக் கூப்பிடறாங்கல்ல. கேட்டுக் கேட்டு அந்தச் செபம் முழுசா எனக்கு வந்துருச்சுங்க. அர்த்தம்தான் தெரியல.”

கையைக் குவித்து, கண்ணைத் தாழ்த்தி, கவுண்டரின் முன்னால் நின்று சொன்னாள். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. என் வகுப்பில் படித்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த உச்சரிப்பு வராது.

“தினம் சாயந்திரம் செபமாலை முடிஞ்சதும் சொல்றேங்க. அங்க போனா நாலு பேரு மாதிரி நாமளும் பிரெஞ்சுல செபம் சொல்லணும்ல?”

பக்கத்து மேஜை எழுத்தர் தலையைக் கோப்புக்குள் நுழைத்துக்கொண்டார். அவருக்கும் பிரெஞ்சு தெரியும்.

“அது செபம் இல்லைம்மா” என்றேன்.

“பின்ன?”

“‘மோன் மரி’ன்னா என் புருஷன்.”

“மரின்னா மாதா இல்லீங்களா?”

“மாதாவா இருந்தா ‘மா மரி’ன்னு வரணும். ‘மோன்’ ஆம்பளைக்கு.”

இலக்கணம் அவளுக்குச் சட்டென்று புரிந்தது, அது என்னவோ எனக்குப் பிடிக்கவில்லை. “முழுசா சொல்லுங்க” என்றாள்.

“‘என் புருஷனை மன்னிச்சுக்கங்க, வீட்லயும் இவரு இப்படித்தான்.’”

“வீட்லயும்னா,” என்றாள், “எந்த வீட்லங்க?”

“அது ரெக்கார்டுல வராதும்மா.”

“மாமாவுக்கு இது தெரியுமா?”

“பட்டாளத்துல அவருக்குத் தமிழ்லயா உத்தரவு போட்டிருப்பாங்க?”

கவுண்டரில் அழுதவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவன் நான். மேஜையில் அதற்கென்று ஒரு சொம்புத் தண்ணீர்கூட இருக்கும். அவள் அழவில்லை. நகலை மடித்துப் பையில் வைத்தாள், பின்னால் நின்ற திருவேட்டக்குடிக்காரருக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனாள்.

அடுத்த ஞாயிறு நான் போனேன். போகாமல் இருப்பவனா நான். அதே இரண்டு சொல்தாக்கள், அதே மீன் வறுவல். கிழவர் இசைத்தட்டை எடுத்து உறையிலிருந்து உருவும்போது மருமகள் உள்ளேயிருந்து வந்து, “குடுங்க மாமா, நான் வைக்கிறேன்” என்று வாங்கிக்கொண்டாள். பழகியதுபோல ஊசியை இடம் பார்த்து வைத்தாள். பிடில் படியேறியது. இருமல். ‘அடி சக்கை.’ சிரிப்பு. டிரம்ஸ். பிறகு அந்தப் பெண் பேச, இவளும் கூடவே பேசினாள். இரண்டு குரலும் ஒரே நேரத்தில், ஒரே பிரெஞ்சில், அடி பிசகாமல். முடித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோலத் தமிழிலும் சொன்னாள்.

“‘என் புருஷனை மன்னிச்சுக்கங்க, வீட்லயும் இவரு இப்படித்தான்.’ சரிதானுங்களா மாமா?”

டம்ளர்கள் அந்தரத்தில் நின்றன. ஊசியை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. அதனால் தட்டு ஓடியது. சாக்ஸபோன் தாழ்ந்த குரலில் ஆரம்பித்து, விட்ட இடத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு, பிறகு யாரையும் கவனிக்காமல் தன்பாட்டுக்கு எங்கேயோ போய்த் திரும்பியது. பியானோ அதைக் கைபிடித்து உட்காரவைத்தது. அந்த வீட்டில் ஜாஸ் இசையை நாங்கள் கேட்டது அன்று ஒருநாள்தான். நன்றாகவே இருந்தது. கடைசியில் அந்த அரங்கம் முழுவதும் எழுந்து கைதட்டியது, நிறுத்தாமல், வெகுநேரம். நாங்கள் நான்கு ஆண்பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டு அதை வாங்கிக்கொண்டோம்.

தட்டு நின்றதும் கிழவர் என்னைப் பார்த்தார். “நீங்கதானா முசியே?”

“ஆபீஸ் நேரத்துல கவுண்டர்ல வந்து கேட்டாங்க. சொன்னேன்.”

“உமக்கு என் சோறு செரிக்கலையா?”

“செரிச்சுது. சமைச்சவங்கதானே கேட்டாங்க.”

அவர் அவள் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு சொல்தா எதிர்பார்த்தவர்போல, எழுந்துகொள்ளத் தொப்பியைத் தேடினார்.

“என்னை என்ன பண்ணச் சொல்ற?” என்றார் கிழவர். “அவன் அங்க கட்டிக்கிட்டான், புள்ளையும் இருக்கு. நான் சொல்லியிருந்தா நீ பொட்டியத் தூக்கிக்கிட்டுக் கோவில்பத்துக்குப் போயிருப்ப. அப்புறம் எனக்கு யாரு சோறாக்கிப் போடுறது?”

ஒரு கம்பெனிப் பட்டாளத்துக்கே சோறு வடித்துப் போட்ட மனுஷன் இதைச் சொன்னார். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் அதுவரை சொல்லப்பட்டதிலேயே சுத்தமான உண்மை அதுதான்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “இப்ப சொன்னீங்கல்ல, அதை எங்கப்பாகிட்ட வந்து சொல்லுங்க. தமிழ்ல.” பிறகு என்னிடம், “நீங்களும் வாங்கய்யா. மாத்திச் சொல்லிட்டாங்கன்னா பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும்” என்றாள்.

மொழிபெயர்ப்புக்கு மேலொப்பம் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

கோவில்பத்தில் அவள் அப்பா எங்களுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார், கலர் வாங்கிவரச் சொன்னார். கிழவர் சொன்னார். இருமி, மாதாவைச் சாட்சிக்கு அழைத்து, மகனைத் திட்டி, ஆனாலும் முழுக்கச் சொன்னார். மேலொப்பம் இடுகிற அளவுக்குச் சரியாகவே இருந்தது. மகள் நிலைப்படியில் சாய்ந்து நின்று அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை. அவர் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கிழவரின் சட்டையைக்கூடப் பிடிக்க வேண்டாம்.

“தெரியும் சம்பந்தி” என்றார் அவர்.

“என்னப்பா தெரியும்?”

“அந்த ரெக்கார்டு கொண்டாந்தாரே, அவரே சொல்லிட்டாரும்மா. சொன்னா நீ மனசு ஒடிஞ்சு போவேன்னுதான்...” மகளிடம் அவ்வளவுதான். உடனே கிழவர் பக்கம் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். “பெரிய எடத்துல ஆம்பளைங்க அப்படி இப்படித்தான். அதை விடுங்க. நம்ம சின்னவன் விஷயம் என்னாச்சு? பர்த் சர்டிபிகேட் வாங்கிட்டோம். மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை எழுதுனீங்கன்னா...”

கிழவருக்கு உயிர் வந்தது. எழுதலாம் எழுதலாம் என்றார். கலர் வந்தது. இரண்டு பேரும் குடித்தார்கள். நானும்தான் குடித்தேன். அந்தத் தெருவில் நல்ல வெயில்.

அவள் நிலைப்படியிலிருந்து நகர்ந்ததை நான் பார்த்தேன். அவர்கள் பார்க்கவில்லை.

மறுநாள் அலுவலகம் திறக்கும்போதே கவுண்டரில் நின்றாள். “இதுக்கு ஒரு வழி இருக்கும்லங்க?” என்று மட்டும் கேட்டாள்.

வழி இருந்தது. வழி இல்லாத ஒன்றைப் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போகவில்லை. பிரெஞ்சுப் பிரஜை வெளிநாட்டில் செய்துகொண்ட கல்யாணத்தைப் பாண்டிச்சேரியில் உள்ள கான்சுலேட் தன் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றினால் மாப்பிள்ளையின் பிறப்புப் பதிவின் ஓரத்தில் ஒரு வரி விழும். அந்த வரி இல்லாததால்தான் அவன் பாரிஸில் பிரம்மச்சாரியாக நின்று இரண்டாவது தடவை கையெழுத்துப் போட முடிந்தது. ஏற்றச் சொல்லிப் புருஷன்தான் கேட்க வேண்டும் என்றில்லை. பெண்டாட்டியும் கேட்கலாம். ஊரில் இது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எந்தப் பெண்டாட்டியும் கேட்டதில்லை.

கேட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொன்னேன். சொல்வது என் கடமை. “அங்க நடந்த கல்யாணம் செல்லாது. அவர் மேல வழக்கு வரும். ஜெயிலுக்குப் போகலாம், வேலை போகலாம். அந்தம்மா பெண்டாட்டி இல்லைன்னு ஆகிடும். குழந்தை இருக்கு.”

“அந்தம்மாவுக்கு என்னைத் தெரியுமாங்க?”

“தெரிஞ்சிருக்காது.”

கான்சுலேட்டுக்கு எழுதிய மனுவை முன்னால் வைத்தேன். பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “பாவந்தாங்க” என்றாள். “இத்தனை பேருல மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வார்த்தை கேட்டவங்க அவங்க ஒருத்திதான்.”

பக்கத்து மேஜை எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கையெழுத்துப் போட மாட்டாள் என்று நானும் நினைத்தேன்.

“எங்கங்க போடணும்?” என்றாள்.

இடத்தைக் காட்டினேன். போட்டாள்.

பிறகு எல்லாம் நடைமுறைப்படி நடந்தது, அதாவது மெதுவாகவும் தவறாமலும். பாரிஸில் வழக்கு நடந்தது. அந்தப் பெண் குழந்தையோடு தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்று லீவில் வந்தவர்கள் சொன்னார்கள். மகனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கிழவர் ஒருமுறை என் வீட்டு வாசலுக்கே வந்து, அந்த வரியை அழிக்க முடியுமா என்று கேட்டார். கோர்ட்டு உத்தரவு இருந்தால் முடியும், எந்தக் கோர்ட்டு, என்னென்ன இணைக்க வேண்டும் என்று விவரமாகச் சொல்லி அனுப்பினேன். அவருக்கு அப்போது கடைத்தெரு ஹோட்டலில் இருந்து கேரியரில் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. உப்பு அதிகம் என்பார்.

அவள் கன்னியாஸ்திரீகளின் தையல் கூடத்தில் தங்கிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் இரண்டு வருஷம் அலைந்தாள். சட்டப்படி மனைவி என்று ஆனபின் விசா மறுக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அது கைக்கு வந்தது. அந்த மனுஷனிடமா போகப்போகிறாய் என்று கேட்டேன்.

“அவரு எதுக்குங்க? சமைக்கத் தெரியும். இங்க சும்மா செஞ்சேன், அங்க சம்பளத்துக்குச் செய்யறேன்.”

பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏற்றிவிட நானும் போயிருந்தேன், தாள்களில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் பார்க்க. எதுவும் விட்டுப்போகவில்லை. அவள் அப்பாவும் வந்திருந்தார், சலவைச் சட்டை, பையில் பலகாரம். அந்த இரண்டு வருஷத்தில் அவர் அவளை வந்து பார்த்தது அன்றுதான். ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு பையை நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர் கையை இறக்கவும் இல்லை.

“போனதும் தம்பிக்கு ஒரு வழி பண்ணும்மா” என்றார். “அவன் பேப்பரெல்லாம் ரெடியா இருக்கு.”

“அதுக்கு ஒரு நடைமுறை இருக்குப்பா” என்றாள். “பிரெஞ்சு தெரிஞ்சவங்க யாரையாவது புடிச்சுக் கேளுங்க.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரனை அடித்தார். அவள் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டாள். அந்தப் பக்கம் வெயில் இல்லை.